கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பென் டிரைவ்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பென் டிரைவுக்குப் பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துவிடுங்கள். மூன்று வருடமாக நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில்தான் என் சிரிப்பு நின்றது.

நான் தத்துப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். பிள்ளை வேண்டும் என்று விண்ணப்பிக்கிறவர்களின் விவரங்களைச் சேர்த்து, அவர்கள் வீட்டைப் பார்த்து வந்தவர்களின் அறிக்கையையும் ஏற்றி, கடைசியில் இசைவுக் கடிதம் என்று ஒன்றை அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நீதிமன்றம் பிள்ளையை அவர்கள் பெயரில் எழுதும். எல்லாமே என் மேசையில் இருக்கும் இரண்டாம் எண் கணினிக்குள் இருக்கிறது. முன்பு காகிதத்திலும் இருந்தது. காகிதமில்லா அலுவலகம் என்று ஒரு விழா எடுத்து, இருந்த காகிதத்தையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விழா அழைப்பிதழை மட்டும் நல்ல கெட்டிக் காகிதத்தில் அடித்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாக வந்தது. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லையாம். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பக்கவாட்டில் தட்டினேன், கெஞ்சினேன், பல்லைக் கடித்துக்கொண்டு திட்டியும் பார்த்தேன். அதே வரிதான் வந்தது.

எதிரே தையல்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கடிதம் வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

"என்னங்க, கரண்ட் இல்லையா?" என்றார் தையல்காரர்.

"கரண்ட் இருக்குங்க. இதுதான் எழுந்திருக்க மாட்டேங்குது."

"மெதுவாப் பாருங்க. நாங்க காத்திருக்கோம்" என்றார் அவர் மனைவி. பிறகு தயங்கிக்கொண்டே, "இன்னும் மூணு வாரத்துல, செவ்வாய்க்கிழமை கேஸ் வருது. அன்னிக்குக் கடிதம் இல்லைன்னா பிள்ளையைக் காப்பகத்துக்கே திருப்பி அனுப்பிடுவாங்களாமே, நிஜமாவா?" என்று கேட்டார்.

நிஜம்தான். விதி அப்படி. குறித்த நாளில் கடிதம் வராவிட்டால் பிள்ளை பட்டியலில் அடுத்திருப்பவர்களுக்குப் போகும்.

"நாலரை வயசுங்க. மூணு மாசமா எங்ககூட இருக்கா. அதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்குப் போயி, ரெண்டு வீட்லயும் சரிப்பட்டு வரலைன்னு திருப்பி விட்டுட்டாங்க. நாங்களும் விட்டோம்னா அந்தப் பிள்ளை என்னங்க நினைக்கும்?"

கையெழுத்தும் முத்திரையும் கணினியிலேயே ஏறி, அந்தக் கடிதம் சனிக்கிழமையே தயாராகிவிட்டது. அச்செடுப்பது ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போன மகானுபாவன் நான்தான். இதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருங்க, மேல போயிட்டு வந்துடுறேன்" என்று மூன்றாம் மாடிக்கு ஓடினேன்.

மூன்றாம் மாடியில்தான் மீட்புப் பிரிவு இருக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் கணினி படுத்துக்கொண்டதைக் கேள்விப்பட்டு, நமக்கும் அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து தொடங்கியது. யோசனை என்னவோ நல்ல யோசனைதான். கணினி தானாக எழ முடியாமல் போனால் அதை எழுப்புவதற்குத் தேவையானதையெல்லாம் முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். படுத்த கணினியில் அதைச் செருகினால், கணினி அதைப் பிடித்துக்கொண்டு எழும். பிறகு உள்ளே என்ன கோளாறோ அதைச் சரிசெய்யலாம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஓர் அதிகாரி, ஒரு கண்காணிப்பாளர், அவர்களுக்குக் கீழே பன்னிரண்டு பேர்.

பென் டிரைவ் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட் மெத்தைமேல் படுத்திருந்தது. தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு. காவலுக்கு ஓர் ஆள். கட்டைவிரல் நீளமுள்ள அந்தப் பொருளுக்கு இருந்த வசதி எங்கள் பிரிவில் ஒருவருக்கும் கிடையாது. எங்களுக்கு மின்விசிறியே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சுற்றும்.

மீட்பு அதிகாரி என்னைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். மூன்று வருடத்தில் அவரைத் தேடி வந்த முதல் ஆள் நான்தானாம்.

"உட்காருங்க, உட்காருங்க. கம்ப்யூட்டர் படுத்துடுச்சா? கவலையே படாதீங்க. அதுக்குத்தானே நாங்க இருக்கோம். விண்ணப்பம் போட்டுட்டீங்களா?"

"இல்லையே சார். எங்க போடணும்?"

"ஆன்லைன்லதான். கெட்டுப்போன கம்ப்யூட்டர்லேருந்தே போடணும்."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, "எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து சார்?" என்றேன்.

பக்கத்து மேசையிலிருந்து கண்காணிப்பாளர் தலையை நீட்டினார். எதைக் கேட்டாலும் பின்னிணைப்பைக் காட்டுவதால் அலுவலகம் முழுக்க அவருக்குப் பின்னிணைப்பு என்றே பெயர். "பின்னிணைப்பு நாலுல தெளிவா இருக்கு. வேற கம்ப்யூட்டர்லேருந்து விண்ணப்பம் வந்தா, அது நல்லா ஓடுற கம்ப்யூட்டர்தானே? நல்லா ஓடுற கம்ப்யூட்டருக்கு மீட்பு எதுக்கு? தள்ளுபடி பண்ணிடுவோம்."

"கெட்டுப்போன கம்ப்யூட்டர்லேருந்து வந்தா?"

"உடனே ஏத்துக்குவோம். ஆனா பாருங்க, அப்படி ஒண்ணுகூட இதுவரைக்கும் வரல. அதனாலதான் மூணு வருஷமா ஒரு கம்ப்யூட்டர்கூடக் கெடலைன்னு ஆண்டறிக்கையில போட்டிருக்கோம். மேலிடத்துல பாராட்டுக்கூடக் கிடைச்சுது."

சுவரில் பாராட்டுச் சான்றிதழ் தொங்கியது. சட்டம் போட்டு, பூமாலை போட்டு.

"சரி, நகல் எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

"வாராவாரம் எடுத்தேன் சார். நீங்க அனுப்பின சுற்றறிக்கைப்படி."

"எங்க இருக்கு?"

"சுற்றறிக்கையில சொன்ன இடத்துலதான். அதே கம்ப்யூட்டருக்குள்ள."

"நல்ல காரியம். வெளியில வெச்சா தொலைஞ்சுபோகும். நகல் தன்னோட மூலத்தை விட்டுப் பிரியவே கூடாது."

எனக்கு அங்கேயே தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. தையல்காரரின் கதையை முழுக்கச் சொன்னேன். நாலரை வயதைச் சொன்னேன், இரண்டு வீட்டைச் சொன்னேன். அதிகாரி மிகவும் வருத்தப்பட்டார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டார். கலங்கிய கண்ணோடு, சிறப்பு நேர்வாகக் கருதி விண்ணப்பமில்லாமலே ஓர் ஆய்வுக் குழுவை அனுப்புவதாகச் சொன்னார்.

குழு புதன்கிழமை வந்தது. ஐந்து பேர். என் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு கறுப்புத் திரையை ஆளாளுக்கு ஒரு கோணத்தில் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து பின்பக்கம் மோந்துகூடப் பார்த்தார். அவர்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கணினியால் ஓட முடியவில்லையா, அல்லது ஓட மாட்டேன் என்கிறதா? முடியவில்லை என்றால் அது பழுது, மீட்புப் பிரிவின் வேலை. மாட்டேன் என்றால் அது ஒழுங்கீனம், நிர்வாகப் பிரிவின் வேலை.

"இதை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

"கேட்டுத்தான்" என்றார் பின்னிணைப்பு. "பின்னிணைப்பு ஏழு. யார் மேல நடவடிக்கை எடுத்தாலும் அவங்க பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் குடுக்கணும்."

மறுநாள் இரண்டாம் எண் கணினிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தாங்கள் கடந்த திங்கட்கிழமை முதல் முன் அனுமதியின்றி இயங்காமல் இருப்பதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் தங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதப்படும். கடிதத்தைத் திரையில் ஒட்டினார்கள். கணினி சார்பில் பெற்றுக்கொண்டதாக என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு நாளும் அலுவலக நேரம் முழுக்க நான் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் உத்தரவு. அது திடீரென்று பதில் சொன்னால் குறித்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

என்னுடைய பதினேழு வருட உத்தியோகத்தில் அந்த ஏழு நாளைப் போல நான் வெட்கப்பட்டதில்லை. தையல்காரரின் மனைவி தினமும் வருவார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிக்கிற மாதிரி வாசலிலேயே நின்று, "இன்னிக்கு ஏதாவது தேவலையா?" என்று கேட்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். ஒரு நாள் உள்ளே வந்து திரையில் ஒட்டியிருந்த கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு மண்டையில் ஏதாவது கோளாறோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இதுக்கு இது பதில் எழுதுமாங்க?"

"எழுதாதும்மா."

"அப்புறம் எதுக்கு நீங்க பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

உண்மைதான். பேனா திறந்துதான் இருந்தது. மூடினேன்.

எட்டாம் நாள், கணினி பதில் தரவில்லை என்றும், அதன் மௌனம் பழுதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்றும் தீர்மானித்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கே பென் டிரைவைக் கீழே கொண்டுவருவதாக ஏற்பாடாயிற்று.

வந்தார்கள். அதிகாரி முன்னால், வெள்ளைக் கையுறையோடு தட்டை ஏந்தியவர் அவருக்குப் பின்னால், அதற்கும் பின்னால் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னிணைப்பு, கடைசியில் மிச்சப்பேர் வரிசையாக. படிக்கட்டில் எதிரே வந்த பொதுமக்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றினார்.

கணினிக்கு முன்பக்கம் இரண்டு துளை, பின்பக்கம் நான்கு துளை. எதில் செருகுவது என்று நாற்பது நிமிடம் வாதம் நடந்தது. முன்பக்கத் துளையில் முன்பு நான் என் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன் என்பதை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அதனால் அது தகுதியிழந்தது. பின்பக்கத் துளைகளில் தூசு. தூசு தட்ட ஆள் வந்து, தட்டி, தட்டியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தையல்காரர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோப்பதற்கு இத்தனை பேர் வந்தால் ஒரு பொத்தான் தைத்து முடிவதற்குள் சட்டை போடுகிறவனுக்கு வயதாகிவிடும் என்று அவர் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

செருகினார்கள். பொத்தானை அழுத்தினார்கள். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். அதே கறுப்பு, அதே வரி.

"மறுபடி" என்றார் அதிகாரி. மறுபடியும் அதே வரி.

"சார், இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அதிகாரி நிமிர்ந்தார். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்த மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ன இருக்குன்னு கேக்குறீங்களே, ஒண்ணும் இல்லை! முப்பத்தாறு மாசமா, மாசம் தவறாம, முதல் வெள்ளிக்கிழமை இதை வெளியில எடுத்து, முழுசா அழிச்சு, துடைச்சு, திரும்ப வெச்சுக்கிட்டு வரோம். ஒரு வைரஸ் உள்ள நுழைஞ்சிருக்கா? ஒரு ஃபைல் கெட்டுப்போயிருக்கா? ஒரு எழுத்து? ஒரு புள்ளி? வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அதைவிட சுத்தமா இருக்கு இப்ப. நாளைக்கு யார் வந்து சோதிச்சாலும் எங்க மேல ஒரு குறை சொல்ல முடியாது. இந்த ஆபீஸ்ல இதைவிடப் பாதுகாப்பான பொருள் வேற ஏதாவது இருந்தா காட்டுங்க பார்ப்போம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டை ஏந்தியவர் மட்டும் கையில் தட்டு இருந்ததால் தலையை ஆட்டினார்.

"அப்ப இதை வெச்சு எப்படி சார் கம்ப்யூட்டரை எழுப்புறது?"

பன்னிரண்டு பேரும் பின்னிணைப்பைப் பார்த்தார்கள். பின்னிணைப்பு பதிவேட்டைப் புரட்டினார். அவருக்கே அது புதுக் கேள்வி போலிருக்கிறது.

மறுவாரம் புதன்கிழமை கூட்டம் போட்டார்கள். புது மீட்புச் சாதனம் ஒன்று தயாரிப்பதென்று முடிவாயிற்று. அதை எந்தக் கணினியில் தயாரிப்பது? மற்ற கணினிகளில் தயாரித்தால் அந்தக் கணினிகளின் குணம் இதற்கு வந்துவிடுமே என்று ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பினார். ஆகவே இரண்டாம் எண் கணினியிலேயே தயாரிப்பது என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். அது ஓடவில்லையே என்று நான் கையைத் தூக்கினேன். அதையும் குறித்துக்கொண்டார்கள். தீர்மானத்தின் நகல் அன்று மாலையே என் மேசைக்கு வந்தது. இரண்டாம் எண் கணினி குணமடைந்தவுடன், அதைக் குணப்படுத்துவதற்கான சாதனம் அதிலிருந்து உருவாக்கப்படும்.

கிழிந்தது போ என்று நினைத்துக்கொண்டேன். வழக்குக்கு ஆறே நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்குப் போனேன். என் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். போனதே அவளிடம் புலம்பத்தான். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் யாருடைய மதிப்பெண் பட்டியலையோ நகலெடுத்துக்கொண்டே கேட்டாள். விளக்கம் கேட்ட கடிதம் வந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ உட்கார்ந்திருந்தியா? ஏழு நாளும்?"

"உத்தரவுக்கா."

"உன்னைப் பெத்ததுக்கு அம்மா ஒரு பென் டிரைவைப் பெத்திருக்கலாம்" என்றாள். "போன வருஷம் என் கடை கம்ப்யூட்டரும் இப்படித்தான்டா படுத்துச்சு. நானே எழுப்பினேன். அந்த டிராயர்ல ஒரு பென் டிரைவ் கிடக்கும், எடு. பழைய பாட்டெல்லாம் இருக்கும், போகட்டும் விடு."

கடைக் கணினியில் அதைச் செருகினாள். எங்கோ போய் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று அது கேட்டது. பரவாயில்லை என்று தட்டிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டாள். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் மூன்று பேர் வந்து நகலெடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். கோடு நிறைந்துவிட்டது.

"முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, மேளம் வெச்சு அனுப்பணுமா? இந்தா." செய்ய வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். முதலில் எந்த விசையை அழுத்திக்கொண்டே கணினியைப் போட வேண்டும், பிறகு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாமாக நான்கு வரி. "எழுந்ததும் முதல் வேலையா எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வெளியில வை. அதுக்குள்ளேயே வெச்சுத் தொலைக்காதே."

திங்கட்கிழமை கூட்டுபவருக்கும் முன்னாலேயே போய்விட்டேன். திரையில் ஒட்டியிருந்த கடிதத்தைக் கிழிக்காமல் பதமாக உரித்தேன். பென் டிரைவைச் செருகினேன். எதில் செருகினேன் என்று கேட்காதீர்கள், முன்பக்கத் துளையில்தான். சீட்டில் அக்கா எழுதியிருந்த விசையை அழுத்திக்கொண்டே கணினியைப் போட்டேன். திரை முதலில் கறுப்பாக இருந்தது, பிறகு நீலமாயிற்று. தொடக்கத்தைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. செய்யேன் புண்ணியவானே என்றேன். சக்கரம் ஒன்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. நான் ஒன்றும் பக்திமான் இல்லை, ஆனால் அந்தச் சக்கரத்தைக் கும்பிட்டேன்.

கணினி எழுந்துவிட்டது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கடிதத்தை அச்செடுத்தேன். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தேன். அக்கா சொன்னபடி எல்லா ஃபைலையும் வெளியே தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு தையல்காரருக்குப் போன் செய்தேன். கணவனும் மனைவியும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். கடிதத்தைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாள் அதைப் படிக்கவில்லை, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானமே தீர்ப்பாகிவிட்டது. பிள்ளை அவர்கள் பிள்ளை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை காலை மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. பதினான்கு பேரும் கூடியிருந்தார்கள். யாரோ செத்த வீடு மாதிரி இருந்தது.

"கம்ப்யூட்டர் ஓடுதாமே?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"யார் அனுமதியில ஓடுது?"

அக்காவையும் பென் டிரைவையும் பற்றிச் சொன்னேன். சொல்லிவிட்டு, பெருமையாகத்தான் சொன்னேன் என்று வையுங்கள், "இருபது நிமிஷம்தான் சார் ஆச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். "மெதுவாப் பேசுங்க. இருபது நிமிஷமா? ஏன்யா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? பதினாலு குடும்பம் இதை நம்பி இருக்கு. மூணு வருஷமா நாங்க ராப்பகலா பாதுகாத்த ஒரு விஷயத்தை, ஜெராக்ஸ் கடையில இருபது நிமிஷத்துல முடிச்சுட்டேன்னு வெளியில போய்ச் சொன்னா, நாளைக்கு ஒருத்தன் கேக்க மாட்டானா, அப்ப நீங்கள்லாம் எதுக்குன்னு? அதுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எனக்கே தெரியாதே!"

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போல. தண்ணீர் குடித்தார். பின்னிணைப்பு சட்டென்று உத்தரவைப் படிக்கத் தொடங்கினார்.

முறையற்ற வழியில் குணமான இரண்டாம் எண் கணினியைப் பழைய பழுது நிலைக்கே கொண்டுவந்து, பிறகு முறைப்படி மீட்க வேண்டும். பழுது என்று பதிவேட்டில் உள்ள காலத்தில் அந்தக் கணினி வெளியிட்ட கடிதம் செல்லாது. சம்பந்தப்பட்ட எழுத்தர் நேரில் சென்று அதைத் திரும்பப் பெற்று வர வேண்டும், அல்லது கேட்டதற்கு அத்தாட்சியாகக் கையெழுத்தாவது வாங்கி வர வேண்டும். அக்காவின் பென் டிரைவைப் பறிமுதல் செய்து கண்ணாடிப் பெட்டியில், முன்னதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அன்றே வைத்தார்கள். வைப்பதற்கு முன் வழக்கப்படி துடைத்தும்விட்டார்கள்.

கணினியைப் பழுதாக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கெட்டுப்போனதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாதவர்களுக்கு, சரியாக இருப்பதை எப்படிக் கெடுப்பது என்றும் தெரியவில்லை. இரண்டு நாள் ஆளுக்கொரு பொத்தானைத் தட்டிப் பார்த்தார்கள். அது சமர்த்தாக ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம்கூட எழுதிவிட்டார்கள். கடைசியில் தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள். முழுசாக அழித்துத் துடைத்தார்கள். இப்போது அது முன்பைவிட நன்றாகவே படுத்திருக்கிறது. அதிகாரி போகும்போது, அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எனக்குச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார். நான் இழுப்பறைச் சாவியைச் சட்டைப் பைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை உத்தரவை எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். தீர்ப்பான வழக்கை இந்தக் காகிதம் ஒன்றும் செய்துவிடாது, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் என் வேலை தப்பிக்கும், அவர்களுக்கும் நஷ்டமில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. தையல்காரர் மிஷினில் இருந்தார். அவர் மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை தரையில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"வாங்க, வாங்க!" என்று அந்த அம்மாள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நல்ல நேரத்துல வந்தீங்க. உங்களைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

நான் உட்காராமல் உறையைப் பிரித்தேன். "ஒண்ணும் பயப்படாதீங்க. ஆபீஸ்ல ஒரு சம்பிரதாயம். அதைத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

தையல் மிஷின் நின்றது. "எதை?" என்றார் தையல்காரர்.

"அந்தக் கடிதத்தைத்தாங்க."

"கோர்ட்ல குடுத்துட்டோமே. தீர்ப்பும் வந்துடுச்சே."

"தெரியும்ங்க. வந்து கேட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும்..."

உள்ளேயிருந்து பிள்ளை வந்தாள். காலில் செருப்புப் போட்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. என் எதிரே வந்து நின்றுகொண்டாள். அழவில்லை.

"சட்டையெல்லாம் எடுத்துக்கிட்டேன்" என்றாள் என்னிடம். "பொம்மை இவங்களோடது, உள்ள வெச்சுட்டேன். போலாம்."

அந்த அம்மாள் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நாலரை வயதுப் பிள்ளைக்கு எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. எங்களை மாதிரி அட்டை போட்ட ஆட்கள் வந்து வந்து கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். உத்தரவைக் கைக்குள் மடித்தேன்.

"எங்க போறது? நான் சட்டை தைக்கக் குடுக்கலாம்னு வந்தேன்மா."

பிள்ளை நம்பவில்லை. என் இரண்டு கையையும் பார்த்தாள். "துணி எங்க?"

தையல்காரர் வீட்டுப் பிள்ளை கேட்கிற கேள்விதான். நான் திருதிருவென்று விழித்தேன். "துணி... நாளைக்குக் கொண்டு வரேன். இன்னிக்கு அளவு மட்டும் குடுத்துட்டுப் போலாம்னு."

தையல்காரர் மிஷினை விட்டு எழுந்தார். "ஆமாமா. அளவுதான் முதல்ல. அந்த டேப்பை எடும்மா."

அவள் பையைக் கழற்றாமலே போய் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, நாற்காலிமேல் ஏறி, ஒரு நுனியை என் தோளில் வைத்து அழுத்தினாள். "ஆடாம நில்லுங்க." எண் படிக்கத் தெரியாது போல, வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சத்தமாகச் சொன்னாள். தையல்காரர் கண்ணாலேயே அளந்துகொண்டு, குறித்துக்கொள்ளக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கையில் இருந்ததைக் கொடுத்தேன். உத்தரவின் பின்பக்கத்தில் கழுத்து, தோள், கை நீளம், மார்பு என்று வரிசையாக எழுதினார். கை நீளத்துக்கு வந்தபோது பை தோளிலிருந்து நழுவி அவளுக்கு இடைஞ்சல் செய்தது. அவளே அதைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"எப்ப வந்து வாங்கிக்கட்டும்?" என்று தையல்காரரைக் கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை சொன்னாள். "துணியைச் சீக்கிரம் கொண்டாங்க. வியாழக்கிழமை சட்டை. நான்தான் எடுத்துக் குடுப்பேன்."